பரணுக்குத் தனிக்கால்

ஷெட்டுக்குள் பரண் போட்டுத் தரச் சொல்லி என் பட்டறைக்கு வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு வாக்குறுதியோடுதான் வருவார்கள்: "கனமா ஒண்ணும் வெக்க மாட்டோமுங்க." காங்கேயத்துக் கொப்பரைக் களத்துக்காரர் காலிச் சாக்கு என்பார். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் கட்டிங் வேஸ்ட் என்பார். பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் காலிக் கோன் என்பார். யாரும் பொய் சொல்வதில்லை. அன்றைக்கு அவர்கள் மனதில் இருப்பது அதுதான். ஆனால் கொப்பரை விலை இறங்கினால் சரக்கை நிறுத்திவைக்க வேண்டி வரும். ஆர்டர் தள்ளிப்போனால் துணி ரோல் தேங்கும். அப்போது காலிச் சாக்கு வெளியே திண்ணைக்குப் போகும், மூட்டை மேலே ஏறும். அதனால் என்ன வைப்பீர்கள் என்று நான் கேட்பதில்லை. பரணுக்கு மேல் தகரம் வரைக்கும் எத்தனை அடி இருக்கிறது என்று டேப் பிடித்துப் பார்க்கிறேன். அந்த உயரத்துக்கு மனிதன் எவ்வளவு அடுக்குவானோ அதுதான் கணக்கு.

ஐம்பது கிலோ மூட்டை ஒன்று படுத்தால் ஏறக்குறைய நாலரைச் சதுர அடியை அடைக்கும். ஒரு அடுக்குக்குச் சதுர அடிக்கு 11 கிலோ. சுமைக்காரர்களுக்கு ஆறு அடுக்கு ஏற்றுவது பெரிய காரியமில்லை. ஆறு அடுக்கானால் 67 கிலோ ஆகிவிட்டது. சரக்கு வைக்கும் தளங்களுக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, இரண்டாம் பாகம், ஒரு கணக்குச் சொல்கிறது. அடுக்கும் உயரத்தில் மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டன், எப்படியும் சதுர மீட்டருக்கு 7.5 கிலோநியூட்டனுக்குக் குறையக் கூடாது. பட்டறைப் பேச்சில் சதுர அடிக்கு எழுபது கிலோ. நம் மூட்டைக் கணக்கும் அங்கேயேதான் வந்து நிற்கிறது.

அதே விதிப் புத்தகத்தில், ஆள் நடமாட்டமில்லாத தகரக் கூரைக்குப் போட வேண்டிய பாரம் சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன். சரிவு கூடினால் அதிலும் குறைத்துக்கொள்ளலாம். சதுர அடிக்கு ஏழு கிலோ. கூரைக்கு ஏழு, பரணுக்கு எழுபது. என் தொழிலில் இதைவிட முக்கியமான கணக்கு வேறில்லை. நிற்கிற ஷெட்டை நம்பிப் பரணைக் கட்டுகிறவன், ஏழு கிலோவுக்குச் செய்ததன் தலையில் எழுபது கிலோவை ஏற்றுகிறான்.

"தூண் நாலங்குல பைப்புங்க, ஆட்டினா அசையறதில்ல, அதுலயே வெல்டு வெச்சிருங்களேன்" என்பார்கள். தூண் அசையாதது உண்மை. ஆனால் அது எதற்காக அங்கே நிற்கிறது என்று யோசிக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் ஷெட் போடுகிறவனுக்கு முதல் எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆனி ஆடிக் காற்றை நம்பித்தான் பல்லடத்திலிருந்து உடுமலை வரைக்கும் காற்றாலைகள் நிற்கின்றன. கோயமுத்தூருக்கு விதிப் புத்தகம் தருகிற அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று கூரையின் மேல் தவழ்ந்து போகும்போது தகரத்தை மேல்நோக்கி உறிஞ்சும். தகரம், பர்லின், ட்ரஸ் எல்லாம் சேர்ந்தாலும் சதுர மீட்டருக்கு 15 கிலோ சுற்றித்தான் வரும். உறிஞ்சல் அதைப் போலப் பல மடங்கு. ஆக, ஷெட்டின் தூணுக்குப் பாதி வேலை கூரையைத் தாங்குவது இல்லை, அது பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வது. அதற்கு ஏற்றபடி குழி குறுகலாகவும் ஆழமாகவும் எடுத்து, ஆங்கர் போல்ட் வைத்துக் காங்கிரீட்டை நிரப்பியிருப்பார்கள். கீழ்நோக்கி ஐந்து டன் இறங்குகிற தூணுக்கு வேண்டியது அகலமான பாதம். அது அங்கே இருக்காது.

ட்ரஸ்ஸிலிருந்து தொங்கவிடச் சொல்கிறவர்கள் இன்னொரு ரகம். கீழே கால் வந்தால் வண்டி திரும்ப இடைஞ்சல், மெஷின் போட இடைஞ்சல். அதனால் மேலே இருக்கிற ட்ரஸ்ஸில் ராடு மாட்டி ஊஞ்சல் மாதிரிப் பரணைத் தொங்கவிட்டால் கீழே சுத்தமாக இருக்குமே என்பார்கள். ட்ரஸ்ஸின் அடியில் குறுக்கே ஓடுகிற பைப், பார்க்க உத்திரம் போல இருக்கும். உத்திரம் அல்ல அது. இரண்டு பக்கச் சரிவும் விரிந்து போகாமல் இழுத்துப் பிடிக்கிற கயிற்றின் வேலையைத்தான் அது செய்கிறது. நீளவாக்கில் இழுத்தால் நன்றாகத் தாங்கும். நடுவில் பாரத்தைக் கட்டினால் வளையும். அது வளைந்தால் ட்ரஸ்ஸின் எல்லா மூட்டுகளும் தாங்கள் செய்ய வேண்டியதில்லாத வேலையைச் செய்யத் தொடங்கும்.

அப்படித் தொங்கவிட்ட பரண் ஒன்றைப் பார்க்க என்னை அழைத்தவர் பரணைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "மழைக்கு முகட்டுல ஒழுகுதுங்கண்ணா, ஸ்க்ரூவை ஒருக்கா டைட் வெச்சுக் குடுங்க" என்றார். மேலே ஏறிப் பார்த்தேன். முகட்டுப் பக்கத்து ஸ்க்ரூக்களின் துளைகள் வட்டமாக இல்லை, எள் வடிவத்தில் நீண்டிருந்தன. ரப்பர் வாஷர் ஒரு பக்கம் நசுங்கியும் மறுபக்கம் எழும்பியும் கிடந்தது. ஸ்க்ரூ தளர்ந்தால் துளை இப்படி ஆகாது. தகரத்துக்கு அடியில் இருக்கிற பர்லின் இடம் மாறினால்தான் இப்படி ஆகும். இறங்கி ட்ரஸ்ஸின் இரு முனைக்கும் நூல் கட்டிப் பார்த்தபோது கீழ்ப் பைப் நடுவில் இரண்டு விரல்கடை தொங்கியிருந்தது. கீழே நின்று வெறுங்கண்ணால் பார்த்தால் தெரியாது. பரணில் இருந்தது நூல் மூட்டை. தொங்கவிடும்போது சொல்லப்பட்டது அட்டைப் பெட்டி.

ஷட்டர் பிடிக்கிறது என்று கூப்பிடுவதும் இதே வகை. பட்டறையில் வேலை பழகுகிற பையன்களிடம் நான் சொல்வது: ஷட்டர் பிடித்தால் முதலில் கிரீஸ் டப்பாவை எடுக்காதே, தூக்குக்குண்டை எடு. ஷட்டர் கைடு நிற்கிற தூண் பரணின் பாரத்தில் ஒரு பக்கம் இறங்கினாலோ சாய்ந்தாலோ ஷட்டர்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரும்பு சொல்லாமல் கொள்ளாமல் உடையாது என்பது நமக்கு ஒரு பெரிய சௌகரியம். வளையும், சத்தம் கொடுக்கும், பெயிண்ட் செதில் செதிலாக உரியும். ஆனால் மூட்டுகளில் வைத்த வெல்டுக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. அது திடீரென்று விடும்.

தொங்கிய பரணை இறக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆட்களை ஏற்றி மூட்டையை அள்ளி வீசினால் ஒரு பக்கம் திடீரென்று லேசாகி, மறுபக்கம் அமுங்கும். முதலில் பரணுக்கு அடியில் ஜாக்கி பைப்புகளை வரிசையாக முட்டுக் கொடுக்க வேண்டும். பாரத்தை ஜாக்கி வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆள் ஏறலாம். நடுவிலிருந்து தொடங்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று எடுக்க வேண்டும். தொங்கிய ட்ரஸ்ஸை ஜாக்கி வைத்துப் பழைய இடத்துக்குத் தூக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வளைந்து இழுபட்ட மூட்டுகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்காமல் நான் அதைச் செய்யமாட்டேன். முகடு ஒழுகிய அந்த ஷெட்டில் ஒரு ட்ரஸ்ஸை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் என்னிடம் இருக்கிற பதில் ஒன்றுதான். பரணுக்குத் தனிக்கால். ஷெட்டுக்குள் இன்னொரு ஷெட் நிற்கிறது என்று நினைத்துச் செய்வது. வெளிச்சட்டை காற்றைப் பார்த்துக்கொள்ளட்டும், உள்ளே இருப்பது மூட்டையைப் பார்த்துக்கொள்ளட்டும். ஷெட் தூணுக்கும் பரண் காலுக்கும் நடுவில் நான் நாலு விரல் இடைவெளி விடுவது வழக்கம். காற்றடித்தால் ஷெட் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பரணோடு பிணைத்துவிட்டால் அந்த ஆட்டத்தையும் பரண் வாங்கிக்கொள்ளும், தூணும் நடுவயிற்றில் கட்டுப்பட்டு வளையும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒன்றுக்கு ஒன்று பலம் என்று வாதிடுகிற நல்ல வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் முதலிலேயே ஒன்றாகக் கணக்குப் போட்டுக் கட்டிய புதுக் கட்டிடத்தில் அவர்கள் சொல்வது சரி. நிற்கிற ஷெட்டில் பிற்பாடு செருகுகிற பரணுக்கு அது பொருந்தாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 அடிக்கு 15 அடி பரண், 300 சதுர அடி. எழுபது கிலோ வீதம் 21 டன். பாரம் ஏற்றிய லாரி ஒன்றை மேலே நிறுத்தியதாக வைத்துக்கொள்ளலாம். மூன்று வரிசையாக வரிசைக்கு மூன்று, ஒன்பது கால். எல்லாக் காலும் சமமாகத் தாங்கும் என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும். அப்படியில்லை. மூலைக்காலுக்குத் தன் பக்கத்துக் கால்வாசிக் கட்டம் மட்டும்தான் வரும். நடுக்காலுக்கு நாலு பக்கத்துக் கட்டங்களிலிருந்தும் பங்கு வரும். மூலைக்கு 1.3 டன், ஓரத்து நடுவுக்கு 2.6, நட்டநடுக் காலுக்கு 5.25 டன். மொத்தப் பாரத்தில் கால் பாகம் அந்த ஒற்றைக்காலில். ஷெட்டுக்காரர் வந்து "இந்த நடுக்கால் ஒண்ணை மட்டும் எடுத்துருங்க, வண்டி திருப்பத் தோதா இருக்கும்" என்று கேட்பதும் சொல்லிவைத்தாற்போல அந்தக் காலைத்தான். எடுக்கலாம். ஆனால் உத்திரத்தின் நீளம் இரட்டிப்பாகும். நீளம் இரட்டித்தால் ஒரே சீரான பாரத்துக்கு வளைக்கும் விசை நான்கு மடங்கு, தொய்வு பதினாறு மடங்கு. இதைச் சொன்னால் பேரம் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

கால் நசுங்கிப் பரண் விழுந்து நான் பார்த்ததில்லை. நாலங்குலச் சதுரப் பைப், நாலு மில்லி கனம், எட்டடி உயரம் என்றால் அந்த ஐந்து டன்னை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். கெடுவதெல்லாம் பாதமும் தோளும்தான்.

பாதத்தை முதலில் சொல்கிறேன். "தரைதான் காங்கிரீட்டாச்சே, அது மேலயே பிளேட் வெச்சு போல்ட் அடிச்சிருங்க." நம் ஷெட்டுகளில் தரை என்பது கொட்டி நிரப்பிய கிராவல் மண்ணின் மேல் நாலங்குல ஜல்லிக் காங்கிரீட். நிரப்பிய மண் சில வருஷத்தில் அமுங்கி, காங்கிரீட்டுக்கு அடியில் காற்றுதான் இருக்கும். கடப்பாரைப் பின்புறத்தால் தட்டிப் பார்த்தால் தொம் தொம் என்ற சத்தம் வரும். அதன் மேல் ஐந்து டன்னை ஒரு அடிச் சதுரப் பிளேட்டில் இறக்கினால், அது தரையை அப்பளம் போல் உடைத்துக்கொண்டு இறங்கும். தரையை வெட்டி, நிரப்பு மண்ணைத் தாண்டி, தாய் மண்ணைத் தொடும்வரை தோண்டச் சொல்வேன். சதுர மீட்டருக்குப் பத்து டன் தாங்குகிற சுமாரான மண்ணாக வைத்தாலும் நடுக்காலுக்கு இரண்டரை அடிக்கு இரண்டரை அடிப் பாதம் வேண்டும். மூலைக்காலுக்கு அதில் பாதி அகலம் போதும். செம்மண்ணில் இது எளிது. கரிசலில் அப்படி இல்லை. கரிசல் மழைக்கு ஊதும், கோடைக்குப் பிளக்கும், கூடவே பரணையும் ஏற்றி இறக்கும். அங்கே ஈரம் மாறாத ஆழத்துக்குப் போகாமல் காங்கிரீட் போடக் கூடாது. தோண்டும் கூலியைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், மேல்தளத்துச் செக்கர் பிளேட்டின் பளபளப்புக்குத் தயங்காமல் பணம் தருவார்கள். மண்ணுக்குள் போகிற பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை, என்ன செய்வது.

அடுத்தது தோள். உத்திரம் காலைச் சந்திக்கிற இடம். இங்கே என் கட்டளை: உத்திரம் காலின் மேல் உட்கார வேண்டும், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. காலின் தலையில் ஒரு பிளேட் வைத்து அதன் மேல் கர்டரை ஏற்றிவிட்டால் பாரம் நேராக இரும்பிலிருந்து இரும்புக்கு இறங்கும். வெல்டும் போல்ட்டும் அதை நகராமல் பிடித்தால் போதும். பக்கவாட்டில் ஒட்டினால் முழுப் பாரமும் வெல்டின் தலையில். அதுவும் எங்கே வைக்கிற வெல்டு? ஏணியில் நின்று, அண்ணாந்து, கண்ணாடிக்குள் வியர்வை வழிய வைக்கிற வெல்டு. மேலே பார்க்க வழவழப்பாக இருக்கும், உள்ளே கசடு சிக்கியிருக்கும். நல்ல வெல்டருக்கும் தலைக்கு மேல் வைப்பது கஷ்டம்தான். அதனால் தரையில் வைத்துச் செய்ய முடிகிற எல்லா வெல்டையும் தரையிலேயே முடித்துவிட்டு, மேலே போல்ட் மட்டும் போடுவது என் பழக்கம். கால் ஜி.ஐ. பைப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை. துத்தநாகப் பூச்சைக் கிரைண்டர் வைத்துத் தேய்க்காமல் வெல்டு வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவனுக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் வந்து உடம்பை உதறும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புவது. நான் பையன்களுக்குப் பாலும் வாங்கிக் கொடுக்கிறேன், முதலில் பூச்சையும் தேய்க்கச் சொல்கிறேன்.

மேலே உட்கார வைப்பது இரும்புக்கு மட்டுமான சங்கதி இல்லை. தோட்டங்களில் இன்னும் கல்லுக்கால் கொட்டகைகள் இருக்கின்றன. கருங்கல்லை நீளமாகப் பிளந்து, நாலில் ஒரு பங்கை மண்ணில் புதைத்து, மேலே பனங்கையோ பைப்போ போட்டு ஓடு வேய்ந்தது. மாட்டுக்குத் தட்டுப் போர், உரம், வெங்காயம் என்று எதற்காவது அதில் அட்டாலி கேட்பார்கள். கருங்கல் நேராக அமுக்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் பொசுக்கென்று முறியும். அதில் வெல்டு வைக்க முடியாது. இரும்புப் பட்டா போட்டு இறுக்கினால் நாளடைவில் வழுகும். துளை போட்டால் அந்த இடத்திலேயே கல் விரிசல் விடும். கல்லுக்காலை ஒட்டினாற்போல் தனியாகப் பைப் கால் ஊன்றுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கப் பண்ணைகளில் 'போல் பார்ன்' என்கிற கொட்டகை இதற்குத் தூரத்துச் சொந்தம். கல்லுக்குப் பதில் மருந்தூட்டிய மரக்கம்பத்தைப் புதைக்கிறார்கள். அதற்குள் பரண் போடும்போதும் இதே வழக்குதான். உத்திரத்தைக் கம்பத்தின் பக்கத்தில் போல்ட்டில் மட்டும் தொங்கவிடுவதா, கம்பத்தில் மடிப்பு வெட்டி அதன் மேல் உட்கார வைப்பதா, இல்லை அடியில் துணைக்கம்பம் ஒன்றை நிறுத்துவதா என்று. மடிப்பு வெட்டினால் கம்பம் அந்த இடத்தில் இளைக்கும். துணைக்கம்பம்தான் என் கட்சி.

குறுக்குச் சட்டத்துக்கும் உத்திரத்துக்கும் கணக்கை இன்ஜினியர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். மேலே சொன்ன பரணுக்குப் பத்தடி நீளக் குறுக்குச் சட்டங்கள் இரண்டரை அடி இடைவெளியில் வந்தால் நூறு மில்லி சேனல் போதாது, 125 மில்லி வேண்டும். உத்திரத்துக்கு 200 மில்லி ஐ-பீம் போட்டால் நிம்மதி. தொய்வு, நீளத்தில் முந்நூறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பத்தடிக்குப் பத்து மில்லி. நூல் கட்டி அளந்து வைத்துக்கொண்டால் பிற்பாடு யாரோடும் தகராறு இல்லை.

இவ்வளவும் மேலிருந்து கீழே இறங்குகிற பாரத்தைப் பற்றி. தனிக்காலில் நிற்கிற பரணுக்கு இன்னொரு பயம், பக்கவாட்டு ஆட்டம். தோளில் மூட்டையோடு ஒருவன் படியேறி, மேலே வந்து தொப்பென்று போடும்போது பரண் ஓர் இம்மி நகரும். நாலு கால் நாற்காலியில் குறுக்குக் கம்பி கழன்றால் எப்படி ஆடுமோ அப்படி. பின்சுவர்ப் பக்கமும் ஒரு பக்கவாட்டிலும் ஆங்கிளைப் பெருக்கல் குறியாகப் போட்டுவிட்டால் ஆட்டம் நிற்கும். ஆள் போக வர வேண்டிய பக்கத்தில் தோளுக்கு முட்டு கொடுக்கலாம். தறி ஓடுகிற ஷெட்டாக இருந்தால் இது போதாது. நாடாத் தறி நாள் முழுக்க அடிக்கிற அதிர்வில் போல்ட் தானாகக் கழன்று வரும். நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு, ஸ்பிரிங் வாஷர், எல்லாம் போட்டாலும் தறிக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். பரண் காலின் பாதத்தைத் தறியின் பாதத்தோடு ஒட்டிப் போடாமல் இருப்பது நல்லது.

சுமைக்காரர்களின் பழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். படி எங்கே வந்து முடிகிறதோ அங்கேதான் முதல் மூட்டை விழும். தூரத்து மூலை கடைசி வரை காலியாகவே கிடக்கும். சமமாகப் பரப்புங்கள் என்று சொல்லிப் பயனில்லை, கூலி மூட்டைக்குத்தான், நடைக்கு இல்லை. அதனால் படியைப் பரணின் மூலையில் வைக்காமல் முடிந்தவரை நீளப் பக்கத்தின் நடுவில், காலுக்கு அருகில் வைக்கிறேன். சங்கிலி பிளாக் மாட்ட ட்ரஸ்ஸில் ஒரு கொக்கி கேட்பார்கள். மாட்டேன் என்பேன். பரணின் காலிலேயே மேல்நோக்கி ஒரு கை நீட்டி அதில் கொக்கி வைத்துக் கொடுப்பேன். கம்பித் தடுப்பு, தளத்தின் விளிம்பில் நாலங்குலப் பட்டை, இவற்றுக்குப் பேரமே கிடையாது. மற்றபடி தகரத்துக்கு அடியில் சித்திரை வெயிலில் மேலே அடுப்புச் சூடுதான். எலாஸ்டிக் ரோலை அங்கே வைத்தவர்கள் அது இழுவை போய் வீணானதைப் பார்த்திருக்கிறார்கள். கட்டிங் வேஸ்ட் வைக்கிறவர்கள் கரண்டு பைப்பைப் பரணுக்கு மேலே ஓட்ட வேண்டாம்.

எங்கள் தொழிலில் கூலியும் இரும்பும் கிலோக் கணக்கில். இதில்தான் எல்லா மனக்கசப்பும். 125 சேனல் போடு என்று நான் சொன்னால், எடையை ஏற்றிக் காசு பார்க்கிறான் என்று நினைப்பார்கள். நினைப்பது தவறென்று சொல்லமாட்டேன். அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. அதற்கு மாற்றாக மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே இரும்பு இளைக்கும். நூறு சேனல் மீட்டருக்கு ஒன்பதரைக் கிலோ சுற்றி வர வேண்டும். பழைய இரும்பை மறுபடி உருட்டிய சேனல் அதே உயரத்தில், அதே நீலப் பெயிண்டில், அதைவிட நன்றாகக் குறைந்த எடையில் கிடைக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தராசில்தான் தெரியும். நான் வாடிக்கையாளரைக் கூடவே எடைமேடைக்கு அழைத்துப்போய்விடுவேன். ஆறு மீட்டர் நீளம் ஒன்றைத் தனியாக நிறுத்துக் காட்டினால், ஐம்பத்தேழு கிலோவுக்குப் பக்கத்தில் முள் நின்றால், சந்தேகம் பாதி தீரும். மீதியை அவரவர் மனசுக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

திருப்பூரில் பாதி ஷெட்டுகள் வாடகை. தூணில் வெல்டு வைத்தால் கட்டிடத்துக்காரர் சண்டைக்கு வருவார், அட்வான்ஸில் பிடிப்பார். தனிக்கால் பரண் இங்கே தானாக ஜெயித்துவிடுகிறது. பாதத்தை மட்டும் தரை மட்டத்துக்குக் கீழே நிறுத்தி, மேலே போல்ட்டில் எல்லாவற்றையும் பூட்டினால், ஷெட் மாறும்போது கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். இப்படிப் போகிறவர்களுக்கு நான் ஒவ்வொரு கர்டரிலும் காலிலும் பெயிண்டில் எண் எழுதிக் கொடுக்கிறேன். சதுர அடிக்கு எத்தனை கிலோ என்பதையும் முன்பக்க உத்திரத்தில் சுமைக்காரர் கண்ணில் படுகிற உயரத்தில் எழுதச் சொல்வேன். அதைப் பார்த்தால் சரக்கு வைக்க வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்று சில முதலாளிகள் மறுப்பதுண்டு. யோசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். புது இடத்தில் போய்ப் பூட்டும்போது பழைய பாதம் கூட வராது என்பதை மறந்துவிட்டு, கர்டரை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு போன் செய்வார்கள். "தரை நல்லா கெட்டியாத்தானுங்க இருக்குது, மேலயே வெச்சிரலாமுங்களா?" கடப்பாரையை எடுத்து ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் எப்படி வருகிறதென்று சொல்லச் சொல்வேன்.